நூலளவு ஈரல்

மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு முழுவதையும் வெளியே விட வேண்டும். விட்டபின் அப்படியே நிறுத்த வேண்டும். ஊசி போய் வருகிற நேரம் அசையக் கூடாது.

நர்ஸ் வெண்ணிலா சொல்லிவிட்டுச் செய்தும் காட்டினாள். இப்ராஹிம் ஷா கட்டிலில் உட்கார்ந்து செய்து பார்த்தார்.

"பாய், நீங்க உள்ள இழுத்து நிறுத்தறீங்க. வெளிய விட்டு நிறுத்தணும்."

"வெளிய விட்டப்புறம் நிறுத்தறதுக்கு என்னா இருக்குது?"

"ஒண்ணும் இருக்கக் கூடாது. அப்பதான் நுரையீரல் மேல ஏறிக்கும். ஊசி அதுல படாது."

கட்டிலருகே நின்ற ஹலீமா பீவியும் மூச்சை விட்டு நிறுத்திப் பார்த்தாள். அவளால் முடிந்தது. அவருக்கு இருமல் வந்தது.

விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் இருந்த சிறிய மருத்துவமனை அது. திண்டிவனத்திலிருந்து விடியற்காலை வண்டியில் வந்திருந்தார்கள். பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் முந்தின இரவிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. நோன்புக்குப் பழகிய உடம்பு. பசி தெரியவில்லை.

இப்ராஹிம் ஷாவுக்குப் பூர்வீகம் கோட்டக்குப்பம். சவூதியில், தம்மாமில் பல வருடம் லாரி ஓட்டினார். திரும்பி வந்து திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பெருநாள் முடிந்த வாரம் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். மஞ்சள் போகவில்லை. ஸ்கேன் எடுத்த ஆள், ரத்தம் எடுத்த பெண், டாக்டர், எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"குடிப்பீங்களா பாய்?"

"டீ."

"பழைய பழக்கம் எதாவது?"

"அதுவும் டீதான்."

வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்னார். "எத்தினி பேருக்கு இல்ல இல்லன்னு சொல்றது. பேசாம குடிச்சிக்கினே இருந்திருக்கலாம். கேக்கறவனுக்காவது திருப்தியா இருந்திருக்கும்."

"வாயக் கழுவுங்க," என்றாள் ஹலீமா.

டாக்டர் நடராசன் இருவரையும் உட்காரவைத்துப் பேசியிருந்தார். ஈரல் கெட்டுக்கொண்டு வருகிறது. எதனால் என்று ரத்தத்தில் தெரியவில்லை. உடம்பே தன் ஈரலைத் தாக்குகிற நோய் ஒன்று உண்டு. அதுவாக இருந்தால் மாத்திரை இருக்கிறது.

"ஆயுசுக்கும் சாப்பிடணும். ஆனா ஆயுசு இருக்கும். நான் அதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா நினைச்சுக்கிட்டு அந்த மாத்திரையைக் குடுக்க முடியாது. உள்ள வேற கிருமி எதாவது இருந்தா அதுவே ஆளை முடிச்சிரும். துளி தசை எடுத்துப் பாத்துட்டா தெரிஞ்சிரும்."

"எப்ப செய்யணும் டாக்டர்?" என்று ஹலீமா கேட்டாள்.

"இன்னைக்கே. ரத்தம் உறையற அளவு ஓரத்துல நிக்குது. இன்னும் இறங்கிட்டா ஊசி வைக்க முடியாது. வச்சா உள்ளயே கசிஞ்சுக்கிட்டு இருக்கும்."

உள்ளே அழைத்துப் போனார்கள். ஹலீமா நடையில் நின்றாள். துஆ ஒன்றை ஆரம்பித்தாள். அது முடிவதற்குள் கதவு திறந்தது. சக்கரக் கட்டிலில் அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ஆயிடுச்சா?"

"டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு," என்றார். "ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி. மரத்துப்போற ஊசிதான் எரிஞ்சுது. இது ஒண்ணுமே தெரியல."

"மூச்ச நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினேன். திரும்பி எடுக்கச் சொல்ல மறந்துட்டாங்க. நானா எடுத்துக்கினேன்."

அவரை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள் வெண்ணிலா. குத்தின இடத்தை அவருடைய சொந்த எடையே அழுத்த வேண்டும். மாலை வரை எழுந்திருக்கக் கூடாது. திரும்பிப் படுக்கக் கூடாது. சிறிது நேரத்தில் வலது தோள் வலிக்கிறது என்றார்.

"ஈரல்ல குத்தினா தோளு ஏம்மா வலிக்குது?"

"அப்படித்தான் பாய் வலிக்கும். ரெண்டுக்கும் நரம்பு ஒண்ணு. கொஞ்ச நேரத்துல போயிடும்." வெண்ணிலா ஹலீமாவிடம் திரும்பினாள். "அம்மா, நீங்க அவர் முகத்தையே பாத்துக்கிட்டு இருங்க. வெளுத்தாலோ வேர்த்தாலோ, வயிறு வலிக்குதுன்னாலோ உடனே கூப்பிடுங்க."

ஹலீமா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்மாமிலிருந்து அவர் விடுமுறையில் வந்த நாட்களில்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வெளுக்கவில்லை. வேர்க்கவில்லை. மஞ்சள் மட்டும் இருந்தது. வெண்ணிலா அடிக்கடி வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனாள். மாலையில் இட்லி கொடுக்கச் சொன்னாள். ஒரு வாரம் கனமாக எதையும் தூக்க வேண்டாம், ஆட்டோவைத் தொட வேண்டாம் என்றாள். பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்து ஹலீமாவின் கையில் கொடுத்தாள். அதைச் சுற்றிப் பெயரெழுதிய தாள் ஒட்டியிருந்தது.

"இன்னைக்கு எடுத்தது இதான். சென்னை லேபுக்குப் போகணும். அவங்க ஆளு இங்க வர ரெண்டு மூணு நாளாகும். திண்டிவனத்துல உங்க தெருவாண்ட அவங்க கிளை இருக்குது. அங்க குடுத்துடுங்க, ஜல்தியா போயிடும். மூடியத் தொறக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க."

"உள்ள இருக்கறது என்னாம்மா, தண்ணியா?"

"மருந்தும்மா. தசை கெடாம இருக்கறதுக்கு."

அங்கே எல்லோரும் அப்படித்தான் வாங்கிப் போனார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் தன் அப்பாவின் சளியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

பஸ் குலுக்கும் என்று ரயிலில் வந்தார்கள். முண்டியம்பாக்கம் தாண்டியதும் இப்ராஹிம் ஷா கையை நீட்டினார்.

"அதக் காட்டு."

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். ஒட்டிய தாளுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் நூல்போல ஒன்று கிடந்தது. வெளுத்த பழுப்பு நிறம்.

"சேமியா மாதிரி இருக்குது. இவ்ளோதானா? இதுக்கா பட்டினி போட்டாங்க?"

எதிரே ஒரு பெண் அவித்த மல்லாட்டைக் கடலையை மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். "என்னாங்க அது, மீன் குஞ்சா?" என்று கேட்டாள்.

"என் ஈரல்மா."

அவள் சிரிக்கத் தொடங்கி அவர் கண்ணைப் பார்த்து நிறுத்தினாள். மல்லாட்டைப் பொட்டலத்தை மடித்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். மயிலத்தில் இறங்கிப் போனாள்.

"பயந்துட்டா," என்றார்.

"பின்ன, ஊரெல்லாம் காட்டிக்கினு வாங்க."

திண்டிவனத்தில் லேப் கிளையின் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், சனிக்கிழமை சீக்கிரமே மூடிவிடுவார்கள், ஞாயிறு லீவு, திங்கள் காலையில் வாருங்கள் என்றார். ஹலீமா வெண்ணிலாவுக்குப் போன் செய்தாள்.

"பரவாயில்லம்மா. அதுல இருந்தா ஒண்ணும் ஆகாது. அப்படியே வச்சிருங்க."

அப்படியே வைத்தாள். அடுப்பங்கரையில் மேல்தட்டில், மசாலா டப்பாக்களை நகர்த்திவிட்டு.

ஞாயிறு காலை சுபுஹு தொழுதுவிட்டு டீ வைக்கப் போனாள். தட்டுக்குக் கீழே ஒரு வாடை இருந்தது. லேசாகத்தான். மூடியின் விளிம்பு ஈரமாக இருந்தது. இறுக்கிப் பார்த்தாள். மூடி கோணலாக ஏறியிருந்தது. சரிசெய்வதற்காக அதைத் திறந்தாள்.

வாடை முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. தும்மினாள்.

அவளுக்கு அந்த வாடை தெரியும். அவளுடைய தம்பி அப்துல் ஹக்கீம் தம்மாமில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். காகிதங்கள் முடிந்து உடல் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மீனம்பாக்கம் போய்ப் பெட்டியை எடுத்துவந்தவர் இப்ராஹிம் ஷா. கோட்டக்குப்பத்து வீட்டில் பெட்டியை உடைத்தபோது இந்த வாடைதான் வந்தது. குளிப்பாட்டியவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே குளிப்பாட்டினார்கள். அம்மா முத்தமிடக் குனிந்தாள், முடியாமல் நிமிர்ந்தாள். மருந்தேற்றி அனுப்பியதால் ஹக்கீம் அழுகாமல்தான் வந்திருந்தான். மழித்த தாடைகூட அப்படியே இருந்தது. ஆனால் அது ஹக்கீம் இல்லை.

கோட்டக்குப்பத்தில் பல வீடுகளுக்கு அந்த வாடை தெரியும். அது மய்யித்தின் வாடை.

ஹலீமா பாட்டிலைப் பார்த்தாள். உள்ளே கிடப்பது அவள் புருஷன். அடுத்த அறையில் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. உயிரோடு இருக்கிற மனிதரின் சதையை மய்யித்துக்கு ஊற்றுகிற தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாள்.

அலமாரியைத் திறந்தாள். குர்ஆன் வைத்திருந்த தட்டுக்குப் பின்னால் ஒரு பன்னீர் பாட்டில் இருந்தது. இப்ராஹிம் ஷாவின் தங்கை மக்காவுக்கு உம்ரா போய்வந்தபோது கேனில் கொண்டுவந்த ஜம்ஜம், அங்குள்ள புனிதக் கிணற்றின் தண்ணீர். உறவுக்கெல்லாம் கொடுத்தபின் மிஞ்சியது. மூன்று வருடமாக அங்கேயே இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படிக் கொஞ்சம் வைத்திருப்பார்கள். கடைசி நேரத்தில் வாயில் விடுவதற்கு. கண் மஞ்சளான புதிதில் அவள் அதை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். "இப்ப வேணாம். அது இருக்கட்டும்," என்றார் அவர். எதற்கு இருக்கட்டும் என்று இருவரும் பேசவில்லை.

ஜம்ஜம் கெடாது. அது எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று வருடத்தில் நிறம் மாறவில்லை, வாடை மாறவில்லை. அதில் கிடப்பதும் கெடாது.

பிஸ்மி சொன்னாள். லேப் பாட்டிலைச் சாய்த்து உள்ளே இருந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினாள். நூல் நழுவி வாய்க்கு வந்தது. விரலால் தடுத்தாள். குளிர்ந்திருந்தது. மிருதுவாக இருந்தது. ஜம்ஜம் ஊற்றி அதை ஒருமுறை கழுவினாள். இன்னொரு முறை கழுவினாள். மீதி முழுவதையும் ஊற்றினாள். கழுத்து வரை வந்தது. வாடை போயிருந்தது. மூடியை நேராக வைத்து இறுக்கினாள்.

டீயை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"தூங்கறீங்களா?"

"இல்ல. வச்சிட்டுப் போ."

திங்கள் காலை கிளை திறந்ததும் கொடுத்தாள். அங்கிருந்த பெண் பெயரைச் சரிபார்த்தாள். பாட்டிலை ஒரு பெட்டியில் நிறுத்தினாள்.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். அவருக்கு வயிறு உப்பியது. கைலியை நாளுக்கு நாள் கீழே இறக்கிக் கட்டினார். காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. மகன் சுஃப்யான் தோஹாவிலிருந்து தினமும் கூப்பிட்டான்.

"அத்தா, நான் லீவு கேக்கட்டா?"

"எதுக்கு? ரிப்போர்ட் வரட்டும். டாக்டரு மாத்திரையில போயிடும்னுதான் சொன்னாரு."

"வலி இருக்குதா?"

"இல்ல. வயிறுதான் நெறமாசமா இருக்கிற மாதிரி இருக்குது."

"அத்தா!"

"உங்கம்மாவும் இப்படித்தான் மொறைக்கிறா."

ஹலீமா முறைக்கவில்லை. உப்பில்லாத கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவள் பயப்படவில்லை. இந்த முறை தன் கையால் ஒன்று செய்திருக்கிறாள். நல்ல தண்ணீரில் போட்டு அனுப்பியிருக்கிறாள். நல்லதுதான் வரும்.

டாக்டர் நடராசன் மேசையில் இருந்த தாளை இரண்டு முறை படித்தார்.

"தசை சிதைஞ்சு போச்சாம். எதுவும் சொல்ல முடியலன்னு போட்டிருக்காங்க."

இருவருக்கும் புரியவில்லை.

"கெட்டுப்போச்சு. அழுகிப்போச்சு." அவர் மணியை அழுத்தினார். வெண்ணிலா வந்தாள். "இவரோட பாட்டில்ல என்ன ஊத்தின?"

"ஃபார்மலின் சார்."

"சலைன் ஊத்தியிருக்க."

"இல்ல சார். ஃபார்மலின்தான். நானே ஊத்தினேன்."

"லேபுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். வந்தது வெறும் தண்ணியாம். வாடையே இல்லையாம். ஒரு மனுஷனைப் பட்டினி போட்டு, குத்தி எடுத்து, உப்புத் தண்ணியில போட்டு அனுப்பியிருக்க. நாளையிலேர்ந்து நீ வார்டுக்கு வர வேணாம்."

"சார், சத்தியமா..." வெண்ணிலாவின் கண் நிறைந்தது. அவள் ஹலீமாவைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. சாட்சிக்குக் கூப்பிடுகிற பார்வை.

ஹலீமா வாயைத் திறந்தாள்.

"டாக்டர்," என்றார் இப்ராஹிம் ஷா. "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. ரயில்ல பாட்டிலு எங்கிட்டதான் இருந்துச்சு. தொறந்து பாத்தேன். கொட்டிருச்சு. கொழாயில தண்ணி புடிச்சு ஊத்தி மூடிட்டேன்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"தொறக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"கறிக்கடையில வாங்கற ஈரலை ரெண்டு நாள் தண்ணியில போட்டு வைப்பீங்களா பாய்?"

"மாட்டோம்."

"பின்ன?"

"தோணல டாக்டர்."

ஹலீமா தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூலைத் தடுத்த விரல். ஜம்ஜம் கெடவில்லை. அதில் போட்டது கெட்டிருக்கிறது. இவ்வளவு சின்ன விஷயம் அன்று காலையில் அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் வெண்ணிலாவைப் போகச் சொன்னார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். புதிதாக எடுத்த ரத்தத்தின் கணக்கைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"மறுபடி குத்த முடியாது. வயித்துல நீர் கோத்திருக்கு. ரத்தம் உறையறது இன்னும் இறங்கிருச்சு. சென்னையில கழுத்து நரம்பு வழியா எடுக்கறாங்க. எழுதித் தர்றேன். ஆனா இந்த நிலைமையில எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியல."

"அந்த மாத்திரை?" என்றாள் ஹலீமா. அன்று அவள் பேசிய முதல் சொல்.

"இப்ப குடுத்தா இருக்கற நாளும் போயிடலாம்மா. அப்பவே ஆரம்பிச்சிருந்தா..." அவர் முடிக்கவில்லை. எழுதத் தொடங்கினார்.

நடையில் வெண்ணிலா நின்றிருந்தாள். "பாய், நீங்க தொறக்கவே இல்லன்னு எனக்குத் தெரியும். மூடிய நான்தான் சரியா போடாம விட்டுட்டேன், அதான் ஒழுகியிருக்கும். எனக்காகச் சொன்னீங்க."

"போம்மா. போய் வேலையப் பாரு," என்றார்.

ரயிலில் திரும்பினார்கள். பேரணியில் வண்டி வெகுநேரம் நின்றது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை மெலிந்து கைக்கடிகாரம் முழங்கைவரை நழுவியது. அதைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சுஃப்யான் கூப்பிட்டான்.

"ரிப்போர்ட் வந்துச்சா அத்தா?"

"வந்துச்சு."

"என்னா சொல்றாங்க?"

"சென்னைக்குப் போகச் சொல்றாங்க. நீ லீவு கேளு."

"சரி அத்தா," என்றான்.

அவர் கட்டிலில் சாய்ந்தார். பழக்கத்தில் வலப்பக்கமாகவே. ஹலீமா கீழே உட்கார்ந்தாள். சுவரில் பல்லி கத்தியது.

"எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"தும்முன. என்னான்னு எழுந்து வந்தேன். கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன். நீ கழுவிக்கினு இருந்த."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் தலையணையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"எனக்கும் வாடை அடிச்சுது ஹலீமா. ஹக்கீம் பொட்டியோட ஆம்புலன்ஸ்ல மீனம்பாக்கத்துலேர்ந்து நான்தானே உக்காந்துக்கினு வந்தேன். நீ மாத்தறதப் பாத்ததும் நிம்மதியாப் போச்சு. நல்லதுன்னுதான் தோணுச்சு எனக்கும்."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை.

"மிச்சம் இருக்குதா?"

"இல்ல. எல்லாத்தையும் ஊத்திட்டேன்."

"பாட்டிலு?"

அலமாரியிலிருந்து பன்னீர் பாட்டிலை எடுத்துவந்தாள். அவர் வாங்கித் தூக்கிப் பார்த்தார். அடியில் ஈரமா, கண்ணாடியின் பளபளப்பா என்று தெரியவில்லை.

"ஒரு சொட்டு இருந்தாக்கூடப் போதும்னு சொல்லுவாங்க," என்றார். "மேல தண்ணி ஊத்திக்கினா அதுவும் ஜம்ஜம்தான்."

"இருக்குதா?"

"தெரியல. ஊத்தி வை."

அவள் குடத்தைச் சாய்த்துப் பாட்டிலை நிரப்பினாள். வெளியே வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். மூடியை நேராக வைத்து இறுக்கினாள். அலமாரியில், குர்ஆன் தட்டுக்குப் பின்னால், இருந்த இடத்திலேயே வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.